வலிக்காது என்ற பொய்

குன்னூரில், 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் என் கை வயிற்றைத் தடவும். ஏழு வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டவன் நான். "வலிக்காதுடா" என்றார் அப்பா. பிறகு அவரை நான் நம்பவில்லை. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்து 2004-உடன் நின்றது.

சென்ற மாதம் என் மகளுக்கும் நாய்க்கடி. இப்போது ஊசி கையில்தான். நாலைந்து தடவை போனால் போதும்.

"வலிக்குமாப்பா?"

பொய் சொல்லிப் பிழைக்கும் கதாசிரியன் நான். ஆயினும், "கொஞ்சம் வலிக்கும், கண்ணு, நான் பிடித்துக்கொள்கிறேன்" என்றேன்.

படுக்கவைத்து அமுக்காமல், மடியில் நிமிர்த்தி உட்காரவைக்கச் சொன்னார் நர்ஸ் அம்மா. குழந்தையைச் சோப்புக்குமிழி விடுவதுபோல் மெள்ள ஊதச் சொன்னார். ஊதினாள், அழவும் செய்தாள்.

அடுத்த தடவை, தானாகவே என் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.