கோதுமைக் களத்தில் ஒரு நாள்

பாரிஸிலுள்ள என் தங்கையிடம் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ப்ரீ சமவெளியிலுள்ள கிராமமொன்றின் அறுவடை விழாவுக்குக் கூட்டிச் சென்றார்கள். ஆகஸ்ட் மாதக் கடைசி. கோதுமை வெட்டிய வயல்களில் அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. இப்போதெல்லாம் ஒரே மெஷின் வெட்டி, அடித்து, மணியைப் பிரித்துவிடுகிறது. விழாவன்று மட்டும் பழைய முறையைச் செய்து காட்டுகிறார்கள்.

நீராவி இயந்திரத்திலிருந்து நீண்ட பட்டி ஓட, மரத்தாலான சூடடிக்கும் மெஷின் அதிர்ந்தது. மேலே நின்ற இருவர் கதிர்க்கட்டுகளை அவிழ்த்துப் போட்டார்கள். ஒரு பக்கம் வைக்கோல், மறுபக்கம் சாக்கில் மணி. தூசி மூக்கில் ஏறியதும் எங்கள் சூடு மிதிப்புத்தான் நினைவு வந்தது. "பொலி, பொலி" என்று ஒருவராவது சொல்லமாட்டார்களா என்றிருந்தது!

விறகுப் போறணையில் சுட்ட பாண் விற்றுக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் எங்களோடு பேச்சுக் கொடுத்தார். பெறாமகள் மொழிபெயர்த்தாள்.

"1914இல இந்த வயலை வெட்டினது தன்ர அம்மம்மாவாம், பெரியம்மா."

அந்த ஆகஸ்டில் முதலாம் உலகப் போர் தொடங்கி ஆண்கள் படைக்குப் போய்விட்டார்கள். குதிரைகளையும் இராணுவம் எடுத்துக்கொண்டது. அறுவடையை முடித்துத் தாருங்கள் என்று பிரதமர் விவியானி கிராமப் பெண்களுக்கு அறிக்கை விட்டார். பெண்கள் முடித்தார்கள். அவர்களுக்கு வாக்குரிமை கொடுக்க மட்டும் 1944 ஆகிவிட்டது.

அந்தப் போரில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் படையினர் இறந்தார்கள். அந்த அம்மம்மாவின் கணவர் காணாமல் போனவர். உடல் கிடைக்கவில்லை. அப்படியானவர்களின் மரணத்தை நீதிமன்றத் தீர்ப்பின் மூலமே பதிவார்கள்.

"ரெண்டு வருஷமா அம்மம்மா அந்தக் கடதாசியில கையெழுத்து வைக்கேல்லையாம்."

என் வீட்டு அலுமாரியிலும் ஒரு படிவம் கிடக்கிறது. மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப்பணம் கிடைக்கும் என்று 2009க்குப் பிறகு எத்தனையோ பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

"பிறகு வைச்சவவோ எண்டு கேள் பிள்ளை" என்றேன்.

"வைச்சவவாம். மூண்டு பிள்ளையளாம். ஆனா அவற்ற அரிவாளை ஒருத்தருக்கும் குடுக்கேல்லையாம்."

கோவிலடியில் போரில் இறந்தோரின் பெயர்க்கல் இருந்தது. அந்த அம்மா கடையை விட்டு வந்து, ஒரு பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். பின்பு என்னிடம் ஏதோ கேட்டார்.

"உங்கட ஆளின்ர பேர் என்னவெண்டு கேக்கிறா" என்றாள் பெறாமகள்.

சொன்னேன். அவருக்கு உச்சரிக்க வரவில்லை. இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார்.