பற்றரியின் காது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் மின்சாரம் நின்றுபோயிற்று. போரும் பொருளாதாரத் தடையும் ஒன்றாக வந்தன. எரிபொருளுக்குத் தடை, உரத்துக்குத் தடை, கையடக்க வானொலிக்குப் போடும் சிறு பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் செய்தி கேட்ட வீடுகள் எத்தனையோ. சுற்றுகிறவர் களைத்துவிட்டால் செய்தி வாசிப்பவரும் களைத்துவிடுவார்!

பத்திரிகைக் காரியாலயத்தில் சைக்கிள் போதாது. இரவு தமிழோசையையும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் ஒலிபரப்பையும் கேட்டு, ஒலிநாடாவில் பதிந்து, கையால் எழுதி அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு எங்களிடம் இருந்தது ஒரேயொரு பழைய லொறிப் பற்றரி. வானொலியும் அதில்தான்; இரவுப் பணியாளரின் சிறு குழல் விளக்கும் அதில்தான்; அச்சு இயந்திரத்தை ஓட்டும் ஜெனரேற்றரைக் கிளப்புவதும் அதே பற்றரிதான். வானொலிக்கு ஓர் அம்பியர்கூட வேண்டியதில்லை. ஆனால் ஜெனரேற்றரின் ஸ்ரார்ட்டர் மோட்டார் அந்தச் சில விநாடிகளுக்கு நூறு, நூற்றைம்பது அம்பியரை விழுங்கும். இணைப்பில் பிழை இருந்தால் அங்கேதான் வெளிப்படும். 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும், இயந்திரம் அசையாது. காலையில் பத்திரிகையும் வராது.

இணைப்பைக் கவனிக்க ஒருவர் இருந்தார். அவரைப் 'பற்றரி அண்ணை' என்றே எல்லோரும் அழைத்தோம். கேபிளின் நுனியில் பூட்டும் செப்பு லக்கை அவர் ஒருபோதும் லக் என்று சொன்னதில்லை, காது என்பார். கடைகளில் காது கிடையாது. ஆனால் மின்சாரமில்லாத ஊரில் குளிர்சாதனப் பெட்டிகள் எல்லாம் உடுப்பு அலுமாரிகளாகி இருந்தன அல்லவா? அவற்றின் முதுகிலிருந்த செப்புக் குழாய் அவருக்குப் போதுமாயிருந்தது. இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார். இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும், செம்போ இளகும். இளகிய குழாயின் ஒரு பாதியைத் தட்டித் தட்டையாக்கித் துளையிட்டால் காது தயார். மறு பாதிக்குள் கேபிளின் செப்பு இழைகள் போகும்.

குழாய் கேபிளை விடப் பெரிதாக இருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடுவார். 'இடைவெளிக்கு நாலு இழையைச் செருகினால் என்ன அண்ணை?' என்று கேட்ட உதவியாளருக்குக் கிடைத்த பதில்: 'தம்பி, அண்ணன்ரை சப்பாத்துக்குள்ள கடுதாசி அடைஞ்சு போட்டுக்கொண்டு ஓட்டப்பந்தயம் ஓடுவியோ?'

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அந்தப் பற்றரி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. உயிரும் ஒரு பையும் மட்டுமே கொண்டு நடந்த இரவு அது.

அண்ணையின் நினைவு 2022 இல் மீண்டும் வந்தது. நாடு டொலரின்றித் தவித்த அந்த ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. நண்பரொருவரின் தாயாருக்கு வீட்டில் ஒட்சிசன் செறிவூட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்காகவே ஒரு பன்னிரண்டு வோல்ற் பற்றரியும் இன்வேட்டரும் வாங்கி வைத்திருந்தார்கள். மின்வெட்டு வந்து அரை மணி நேரத்துக்குள் இன்வேட்டர் கீச்சிடத் தொடங்கிற்று. பற்றரி விற்ற கடைக்காரர் 'பற்றரி போச்சு, புதுசு போடுங்கோ' என்றார். அன்றைய விலையில் அது ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவு. இதற்கிடையில் அம்மாவின் மூச்சு என்னாவது?

எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்த பற்றரி அண்ணையை முச்சக்கரவண்டியில் அழைத்துப் போனோம். அவர் மீற்றரைப் பற்றரியின் முனையிலேயே வைத்தார்: 12.3 வோல்ற். கேபிளின் மறு நுனியில், இன்வேட்டரின் வாயில் வைத்தார்: 10.9. இடையில் 1.4 வோல்ற்றைக் காணவில்லை. இயந்திரம் இழுத்ததோ சுமார் 35 அம்பியர். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 49 வாற். ஈயம் பற்றவைக்கும் சிறுகோல் 25 வாற்தான். அத்தகைய இரண்டு கோல்களின் சூடு அந்தக் கேபிளின் நுனிகளில் வீணாகிக்கொண்டிருந்தது. 'பற்றரியில பிழை இல்லை. காதிலதான் பிழை' என்றார்.

கழற்றிப் பார்த்தபோது பல பிழைகள் ஒன்றாகக் கிடைத்தன. 35 சதுர மில்லிமீற்றர் கேபிளுக்கு 50 க்கான லக். அதைச் சுத்தியலால் நசுக்கியிருந்தார்கள். பற்றரியின் போல்ற் 8 மில்லிமீற்றர்; லக்கின் துளை 12. வட்டத் தகட்டை லக்குக்கு மேலே போடாமல் கீழே போட்டிருந்தார்கள். இதுதான் எனக்கு மிகுந்த வியப்பு: மின்சாரம் அத்தனையும் அந்த மெல்லிய இரும்புத் தகட்டின் ஊடாகவே போக வேண்டியிருந்தது. லக்கின் முகம் ஈய முனையோடு நேரே முட்ட வேண்டும். தகடுகள் அதற்கு மேலேதான்.

லக்கில் '35-8' என்று பொறித்திருப்பார்கள். முதல் எண் கேபிளின் பருமன். இரண்டாவது போல்ற்றின் அளவு. இந்த இரண்டையும் பார்க்காமல் வாங்கக் கூடாது. வெள்ளை நிறமாக இருப்பதெல்லாம் வெள்ளீயம் பூசிய செம்பு அல்ல, அலுமினியமாகவும் இருக்கலாம். ஓரத்தில் அரத்தால் ஒரு தரம் உரசினால் செம்பு சிவந்து காட்டும். கேபிளின் இழையையும் கத்தியால் சுரண்டிப் பார்ப்பது நல்லது. செம்பு முலாமிட்ட அலுமினிய இழை இப்போது தாராளமாக விற்பனையாகிறது.

அண்ணை கேபிளின் உறையை லக்கின் குழாய் நீளத்துக்கு மட்டும் உரித்தார், ஓர் இழைகூட வெட்டுப்படாமல். குழாயின் சிறு துளையில் இழைகள் தெரியும் வரை செலுத்தி, இரவல் வாங்கிய ஐதரோலிக் அழுத்தியின் அறுகோண அச்சில் இரு தடவை நசுக்கினார். பிறகு முழுப் பலத்தோடும் இழுத்துப் பார்த்தார். ஈயம் ஊற்றவில்லை. 'இணைப்புச் சூடேறினால் ஈயம் இளகிப் போடும்; நசுக்கின செம்பு இளகாது' என்பது அவர் நியாயம். சாதாரண ஈயக்கலவை 183 பாகையிலேயே உருகிவிடும் என்பதால் அதில் பொருள் இருக்கிறது. அதைவிட, இழைகளுக்குள் ஊறிய ஈயம் கேபிளை விறைப்பாக்கி, அதிரும் இடங்களில் முறிய வைக்கும்.

பூட்டிய பின் மீற்றர் 12.2 காட்டிற்று. அன்றிரவு இயந்திரம் நிற்கவில்லை. அதே பற்றரியோடு அந்த அம்மா மின்வெட்டுக் காலம் முழுவதையும் கடந்தார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் ஊற்றும் வகைப் பற்றரி சார்ச் ஏறும்போது ஐதரசன் வாயுவை விடுகிறது. தளர்ந்த லக்கில் ஒரு பொறி பறந்தால் போதும், பெட்டி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். நோயாளியின் கட்டிலுக்கருகே பற்றரியை வைத்திருக்கும் வீடுகளை நான் இப்போதும் காண்கிறேன். தயவுசெய்து விறாந்தைக்கு மாற்றுங்கள்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு இந்திய உதவியுடன் 2024 இல் ஒப்பந்தமாயிற்று. அங்கெல்லாம் உப்புக்காற்று. பூச்சில்லாத செம்பு அதில் விரைவில் பச்சை பிடிக்கும். வெள்ளீயம் பூசிய லக், உள்ளே பசையுள்ள சுருங்குகுழாய், மேலே கொஞ்சம் வசலின்: தீவகத்தில் படகுக்கோ வீட்டுக்கோ பற்றரி வைத்திருப்பவர்கள் இவற்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பச்சை ஏற்கனவே பிடித்திருந்தால் கேபிளைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த சுடுநீரில் கழுவி, நன்கு உலர்த்திப் பூட்டுங்கள். கழற்றும்போது மறை முனை முதலில். பூட்டும்போது அதுவே கடைசியில்.