தம்பி வாங்காமல் விட்ட ஒரே சாமான்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். மேடையில் வாத்தியம் வாசிக்கிறவர்கள், மைக்செட் கட்டுகிறவர்கள், சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறியில் வேலை பார்க்கிறவர்கள் என்று நம் பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறீர்கள். நீங்கள் மட்டும் கட்டாயம் கடைசி வரை வாசிக்க வேண்டும். டீச்சர் சொன்னால் கேட்பீர்கள்தானே!

போன மாதம் இங்கே கடையநல்லூரில் என் தம்பி வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். பரணில் கிடந்ததை இறக்க ஒத்தாசைக்கு நானும் போயிருந்தேன். உங்களில் பலருக்கு அவனைத் தெரியும். சுற்று வட்டாரக் கோயில் கொடைகளிலும் கல்யாண வீடுகளிலும் மெல்லிசைக் கச்சேரியில் பின்வரிசையில் உட்கார்ந்து நாற்பது வருசம் டிரம்ஸ் வாசித்தவன். நம் பள்ளி ஆண்டு விழாவுக்கும் காசு வாங்காமல் வந்து வாசித்திருக்கிறான்.

சாமான்கள் ஒவ்வொன்றாக இறங்கி வார்சாவில் வரிசையாக நின்றன. ஒரு மனுசனின் சம்பாத்தியம், முதுகுவலி, கடன் எல்லாம் அதில் எழுதியிருந்தது.

முதலில் ஒரு ஜோடி பாங்கோ. 1978-ல் வாங்கியது. அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். லீவுக்கு வந்தால் எனக்குப் பாடம் நடத்திப் பழக அவன்தான் மாணவன். பாடம் கேட்கிறபோதே விரலால் மேசையில் தட்டிக்கொண்டிருப்பான். அடிக்கோலால் விரல் மொழியில் ஒன்று போடுவேன். விரலை உதறிவிட்டு மறுபடியும் தட்டுவான். அப்பாதான் பார்த்துவிட்டு, "மேசையாவது தப்பிக்கட்டும்" என்று பாங்கோ வாங்கிக் கொடுத்தார்.

அது தோல் கட்டியது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழுந்தால் நம் ஊர்க் காற்றிலும் ஈரம் ஏறிவிடும். தோல் தொய்ந்து 'டொப் டொப்' என்று கேட்கும். தப்பு அடிக்கிறவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, மேடைக்குப் பின்னால் பழைய தினத்தந்தியைக் கொளுத்தித் தோலை வாட்டுவான். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை ஓட வேண்டும். சங்கரன்கோவில் ஆடித்தபசு சமயத்துக் கச்சேரிகளில் அவன் வாசித்த நேரத்தைவிடத் தீ மூட்டிய நேரம் அதிகம் என்று குழுவில் கேலி செய்வார்கள்.

அடுத்து தும்பா. அதற்கடுத்து 1985-ல் வந்தது ஜாஸ் செட். பழைய செட்தான். என் இரண்டரைப் பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. வேலை கிடைத்து மூன்று வருசம் சேர்த்து நான் வாங்கிய சங்கிலி அது. திருப்ப ஒன்றரை வருசம் ஆயிற்று. இதை என் வீட்டுக்காரரிடம் நான் சொன்னது ரொம்பப் பிந்தித்தான்.

இந்த ஜாஸ் செட் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? பேண்டு வாத்தியக்காரர்களைப் பாருங்கள். பெரிய டிரம் ஒருவர், சின்ன டிரம் ஒருவர், சிஞ்சா மாதிரி பெரிய தட்டு ஒருவர் என்று மூன்று பேர் போவார்கள். உட்கார்ந்தபடி காலால் மிதித்துப் பெரிய டிரம்மை அடிக்கிற மிதிகட்டை சரியாக அமைந்ததும் மூன்று பேர் வேலையை ஒருவரே பார்க்க முடிந்தது. 1909-ல் அமெரிக்காவின் சிகாகோவில் லுட்விக் என்பவர் செய்த மிதிகட்டைதான் அதைப் பரவலாக்கியது. அதுபோல 1957-ல் ரெமோ பெல்லி என்பவர் தோலுக்குப் பதில் மைலார் என்ற பிளாஸ்டிக் படலத்தைக் கட்டி விற்க ஆரம்பித்தார். மழைக்கும் வெயிலுக்கும் அது தொய்யாது. அந்தப் படலம் கட்டிய டிரம் வந்தபிறகுதான் என் தம்பி தினத்தந்தி கொளுத்துவதை நிறுத்தினான்.

பிள்ளைகள் யூடியூபில் வெளிநாட்டு ராக் டிரம்மர்களைக் காட்டுவார்கள். 1964-ல் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலில் தோன்றியபோது ரிங்கோ ஸ்டார் முன்னால் இருந்தது நாலே நாலு டிரம்மும் சில தட்டுகளும். அதற்குப் பத்து வருசம் கழித்து ரஷ் குழுவில் சேர்ந்த நீல் பியர்ட், வருசத்துக்கு வருசம் சேர்த்துக்கொண்டே போனார். கடைசியில் முன்னால் சாதா டிரம்கள், முதுகுக்குப் பின்னால் மின்சார டிரம்கள், நடுவே ஆள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தனையும் சுழன்று திரும்பும்.

நம் சென்னை சிவமணியும் அப்படித்தான். 1959-ல் பிறந்தவர், என் வயது. அப்பா ஆனந்தனும் தாளவாத்தியக்காரர். சினிமா ஒலிப்பதிவுகளில் டிரம்ஸ் வாசித்து வளர்ந்து, ஏ.ஆர். ரகுமானோடு ஒரே குழுவில் வாசித்து, உடுக்கை, கடம், கஞ்சிரா, அரபு நாட்டு தர்புகா என்று ஒவ்வொன்றாகத் தன் செட்டுக்குள் கொண்டுவந்தார். தண்ணீர் கேனையும் பெட்டியையும்கூட விட்டுவைக்கவில்லை. 2019-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சேப்பாக்கத்தில் சூப்பர் கிங்ஸ் ஆட்டத்தின்போது அவர் வாசிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தால் என் தம்பி ஸ்கோரைப் பார்க்க மாட்டான், அவர் கையைத்தான் பார்ப்பான்.

ஆனால் அவர்களுக்குச் சாமான் தூக்க ஆள் உண்டு, வண்டி உண்டு. நம் ஊர்க் கலைஞனுக்கு? தம்பியின் சாமான் பட்டியலைத் தீர்மானித்தது ரசனை பாதி, பஸ் கண்டக்டர் பாதி. புளியங்குடி பஸ்ஸின் மேலே நாலு மூட்டையை ஏற்றி இறக்கியே அவன் முதுகு போயிற்று. பெரிய மேடையென்றால் முழு செட். சின்ன மேடையென்றால் ஒரு டிரம்மைக் குறைத்துக்கொள்வான்.

1992-ல் 'ரோஜா' வந்தது. அதற்குப் பிறகு சினிமாப் பாட்டில் கம்ப்யூட்டரில் கோத்த தாளங்கள் பெருகின. கேட்கிற ஜனங்கள் மேடையிலும் அதே சத்தத்தை எதிர்பார்த்தார்கள். ஜாஸ் செட்டில் அது வராது. அங்கேதான் ஆக்டோபேட் வந்தது. எட்டுக் கட்டம் உள்ள ஒரு பலகை. குச்சியால் தட்டினால் ஒரு கட்டத்தில் தபேலா, ஒன்றில் டோலக், ஒன்றில் கைதட்டல். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1985-லேயே முதல் மாடலைக் கொண்டுவந்தது. அதற்குச் சொந்தச் சத்தம் கிடையாது, வேறு கருவியோடு இணைக்க வேண்டும். 1998-ல் வந்த எஸ்பிடி-20 மாடலில் நூற்றுக்கணக்கான சத்தங்கள் உள்ளேயே இருந்தன. நம் ஊர் மேடைகளில் அதிகம் பார்த்தது அதைத்தான். தம்பி 2001-ல் கடன் வாங்கி ஒன்று வாங்கினான். நாலு மூட்டை ஒரே பையாயிற்று. டிவிஎஸ் ஐம்பதில் முன்னால் வைத்துக்கொண்டு கச்சேரிக்குப் போய்விடுவான். முதுகு பிழைத்தது.

காது பிழைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2018-ல் என் மகன் கல்யாணம். தாய்மாமன் மாலை போட வர வேண்டும். மணமேடையிலிருந்து மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பத்தடி தூரத்தில் நின்றவன் திரும்பியே பார்க்கவில்லை. யாரோ தோளைத் தொட்டுக் காட்டியபிறகுதான் வந்தான். ஏதோ மனஸ்தாபத்தில் வீம்பு பண்ணுகிறான் என்று நினைத்துவிட்டேன். நாலு பேர் முன்னால் சுடுசொல் சொன்னேன். அவன் பதில் பேசாமல் சிரித்தான். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் எரித்தது. இரண்டு வருசம் நல்லது கெட்டதுக்குத் தலைகாட்டினோமே தவிர, முகம் கொடுத்துப் பேசவில்லை.

2020-ல் கொரோனா வந்தது. எல்லாரும் வாயை மூடி முகக்கவசம் போட்டோம். ஒருநாள் அவன் வீட்டுத் திண்ணையில் நின்று, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டேன். முழித்தான். மறுபடி கேட்டேன். முழித்தான். முகக்கவசத்தை இறக்கிவிட்டுக் கேட்டதும், "ஆங், சாப்பிட்டேங்க்கா" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் இவன் காதால் கேட்கவில்லை, என் உதட்டைப் பார்த்துப் பேசியிருக்கிறான்.

வெட்கமாக இருந்தது. முப்பத்தைந்து வருசம் வகுப்பில் நின்றவள் நான். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, சொல்வதெழுதுதலில் எழுத்துகளை விடுகிற பிள்ளை, ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்கிற பிள்ளை என்று எத்தனை பேரைக் கண்டுபிடித்து முதல் பெஞ்சுக்கு மாற்றியிருக்கிறேன். பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 1890-களில் பாளையங்கோட்டையில் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளிக்கு ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்திருக்கிறேன். ஊரார் பிள்ளைக்குத் தெரிந்த அடையாளம் கூடப் பிறந்தவனிடம் தெரியவில்லை. திமிர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். சோதனை பண்ணி வரைபடம் கொடுத்தார்கள். கனமான ஓசை ஓரளவு கேட்கிறது, கூர்மையான ஓசைக்கு வரும்போது கோடு சரிந்து விழுகிறது. உள்காதில் நுண்ணிய மயிர்செல்கள் இருக்கின்றன. பெருஞ்சத்தத்தில் அவை செத்தால் மறுபடி முளைக்காது. முதலில் போவது கூர்மையான ஓசைகள். ச, ஸ, ஷ, ஃப போன்ற எழுத்துகள் நழுவிவிடும். பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பது விளங்காது. பெண்கள், குழந்தைகள் குரல்தான் ரொம்பக் கஷ்டம்.

கணக்கு வாத்தியார்களே, இதைக் கவனியுங்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்று ஒரு பாதுகாப்புக் கணக்கு உண்டு. சத்தம் மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபலுக்குப் போனால் கால் மணி நேரம்தான். ஜாஸ் செட் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓங்கி அடித்தால் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். தம்பி நாலு மணி நேரம் உட்காருவான். ஆக்டோபேட் வந்தபிறகு டிரம் சத்தம் போயிற்று. அதற்குப் பதிலாக இடது காதுக்குப் பக்கத்தில் மானிட்டர் ஸ்பீக்கர் வந்து உட்கார்ந்துகொண்டது.

காதுக்குக் கருவி வைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றான். கொரோனாவோடு நின்ற கச்சேரிக்கு அவன் திரும்பவும் போகவில்லை. பாங்கோவிலிருந்து ஆக்டோபேட் வரைக்கும் பரணில் ஏற்றினான். அஞ்சு வருசம் அப்படியே போயிற்று.

போன மாதம் சாமான்கள் வார்சாவில் நின்றபோதுதான் கேட்டேன். "கைக்கு வாங்கின, காலுக்கு வாங்கின, முதுகு வலிக்குன்னு இதை வாங்கின. காதுக்கு என்னடா வாங்கின?"

"காதை அடைச்சிட்டு எப்பிடிக்கா வாசிக்க?" என்றான்.

வாசிக்கலாம். சத்தத்தை மட்டும் சமமாகக் குறைத்து, இசையைத் தெளிவாக உள்ளே விடுகிற காதடைப்பான் வாத்தியக்காரர்களுக்கென்றே விற்கிறது. மெட்டாலிகா குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிச், தன் காதில் ஓயாத இரைச்சல் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, காதைக் காப்பாற்றிக்கொள்ளும்படி மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறார். நாற்பது வருசத்தில் என் தம்பி வாங்கியதிலேயே மலிவான சாமானாக அது இருந்திருக்கும். அதைத்தான் வாங்கவில்லை.

அப்புறம் அவனுக்கு ரிக் ஆலன் கதையைச் சொன்னேன். டெஃப் லெப்பர்ட் என்ற ஆங்கிலக் குழுவின் டிரம்மர். 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கை போய்விட்டது. அவர் குச்சியைத் தூக்கிப் போடவில்லை. இடது கை செய்த வேலையைக் கால் செய்யும்படி மின்சார டிரம்மும் மிதிகட்டைகளும் செய்யச் சொல்லிப் பழகி, 1986-ல் மறுபடி பெரிய மேடை ஏறினார். "உடம்பு மாறினா சாமானை மாத்தணும். நீ மாத்தினவன்தான? தோலுக்குப் பதிலா பிளாஸ்டிக் போட்டப்ப வெக்கப்பட்டியா? இதுவும் ஒரு சாமான்டா."

ஒன்றும் சொல்லவில்லை. ஆக்டோபேட் பையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நாலாம் நாள் அவனே போன் பண்ணினான். "எப்பக்கா பாளையங்கோட்டை போவோம்?"

இப்போது கருவி மாட்டி மூன்று வாரம் ஆகிறது. பழகச் சிரமம்தான். எவர்சில்வர் தட்டு விழுந்தால் துள்ளுகிறான், சந்தைக்குப் போனால் கழற்றிவிடுகிறான். போன காது திரும்பவில்லை, அதை ஒளிக்க வேண்டியதில்லை. முதல்நாள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன் மேலே அண்ணாந்து பார்த்தான். "யக்கா, இந்த ஃபேன் எப்பவும் இவ்வளவு சத்தமா போடும்? எண்ணெய் விடக் கூடாதா?"

மகன் கல்யாணத்தன்று சொன்ன வார்த்தைக்கு அன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். "கேட்டிச்சாடா?" என்றேன். "கேட்டிச்சு, இன்னொரு தடவை சொல்லு" என்றான் படுபாவி.

ஆகவே பிள்ளைகளே, கச்சேரி முடிந்து வந்தபின் காதில் 'ஙொய்' என்று இரைகிறதா? அது காது போடுகிற சத்தம், அலட்சியம் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். வீட்டில் கூப்பிட்டால் திரும்பாத பெரியவர்கள் இருந்தால் கோபப்படும் முன் கிட்டே போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. பாங்கோவை அவன் கொடுக்க மாட்டானாம். ஜாஸ் செட்டும் ஆக்டோபேடும் வாசிக்க ஆசைப்படுகிற யாராவது பழைய மாணவர் எடுத்துக்கொள்ளலாம். காசு வேண்டாம். காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு அவன் முன்னால் ஒரு பாட்டு வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தது சரியா தப்பா என்று அவன் சொல்வான். இப்போது அவனுக்குக் கேட்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்