பல் விழுந்த கனவு

சொப்பனம் கண்டு பயப்படாத பெண்மணி நம்மில் யார் இருக்கிறார்கள்? பாம்பு துரத்துகிறது, ரயில் புறப்பட்டுவிடுகிறது, கால் நகர மறுக்கிறது, திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைக் காணவில்லை. திடுக்கிட்டு விழித்துப் பார்த்தால் மணி நாலரை. குழந்தை பக்கத்திலேயே சமர்த்தாகத் தூங்குகிறது. நம் நெஞ்சுதான் படபடவென்று அடித்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, "விடியற்காலைக் கனவு பலிக்கும்" என்று பாட்டி சொன்னது வேறு அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்து தொலைக்கும்!

என்னைப் படுத்தி வைத்தது பல். சென்ற வருஷம் என் கணவருக்கு இருதய ஆபரேஷன் செய்ய நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தைய பதினைந்து நாட்களும், கண்ணை மூடினால் என் பற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து உள்ளங்கையில் விழும். பல் விழுவதாகக் கனவு கண்டால் குடும்பத்தில் ஒருவருக்கு ஆகாது என்பார்களே, உங்களுக்கும் தெரிந்திருக்கும். இதை அவரிடம் சொல்ல முடியுமா? பஞ்சாங்கத்தில் கனவுப் பலன் பார்க்கக் கை நீளும். பார்த்துவிட்டால் பிறகு மறக்க முடியாதே என்று கையை இழுத்துக்கொள்வேன்.

கடைசியில், ஒத்தாசைக்கு வந்திருந்த என் நாத்தனாரிடம் அடுப்படியில் வைத்துச் சொன்னேன். அவள் கொஞ்சமும் பதறவில்லை. "அண்ணி, ராத்திரி பூரா நீங்க பல்லை நறநறன்னு கடிக்கிறீங்க. பக்கத்திலே படுத்த எனக்குத் தூக்கமே இல்லே. அந்தப் பல் கனவிலேயாவது விழாம என்ன செய்யும்?" என்றாள்.

அது வெறும் கேலி அல்ல. 2018-ல் இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் மாணவர்களிடம் விசாரித்து எழுதியதைப் பின்னால் படித்தேன். பல் விழும் கனவு காண்பதற்கும், காலையில் எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் தெரியும் இறுக்கத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

சரி, விடியற்காலைக் கனவின் மகிமை என்ன? 1953-ல் சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளெய்ட்மன் என்ற இருவர் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். தூங்குகிறவரின் மூடிய இமைக்குள் சில வேளைகளில் விழிகள் விரைந்து உருளுகின்றன. அப்போது எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள். சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு முறை வரும் இந்தக் கட்டம், இரவு போகப் போக நீண்டுகொண்டே வரும். விடியும் நேரத்தில் மிக நீளம். முடிந்ததும் நாமும் விழித்துக்கொள்கிறோம். ஆகவே, மற்றக் கனவுகள் மறந்துபோக, அது மட்டும் மனசில் நிற்கிறது. நிற்பதைத்தான் நாம் பலிப்பது என்று எண்ணிவிட்டோம்!

கண்ணகி தன் கனவைத் தேவந்தியிடம் சொன்னாள். ஆண்டாளும் தோழியிடம்தான் சொன்னாள். கனவை மனசுக்குள் பூட்டி வைக்கக் கூடாது என்பது நம் பெண்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. 'கண்ணகி கண்ட கனவு பலித்ததே!' என்பீர்கள். காவியத்தில் பலிக்கத்தான் செய்யும். முடிவு தெரிந்த கவிஞர் அல்லவா அந்தக் கனவை எழுதினார்? நம் கனவை எழுதுகிறவருக்கோ முடிவு தெரியாது. பகலில் நாம் வாய்விட்டுச் சொல்லாத கவலைதான் இரவில் வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது.

திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கு ஒரு வழி உண்டு. அமெரிக்க மருத்துவர் பாரி கிராக்கோவும் அவர் குழுவினரும், கொடுமைக்கு ஆளாகிப் பயங்கரக் கனவுகளால் அவதிப்பட்ட பெண்களிடம் இதைச் சோதித்து, பலன் கண்டு, 2001-ல் வெளியிட்டார்கள். பகலில் அமைதியாக உட்கார்ந்து, அந்தக் கனவை நமக்கு இஷ்டமான விதத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிய கனவைத் தினமும் சிறிது நேரம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நானும் செய்தேன். என் கையில் விழுந்தவை முல்லை மொட்டுகள் ஆயின. உட்கார்ந்து சரமாகத் தொடுத்தேன். சில வாரங்களில் பல் கனவு வருவது குறைந்து, பிறகு நின்றேவிட்டது.

இன்னொன்று. இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் கனவுகள் உக்கிரமாக வரலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். கனவுக்குப் பயந்து தூக்கமே கெட்டாலும், பழைய துயரம் ஒன்று இரவுதோறும் திரும்பி வந்தாலும், அப்படியே போய்ச் சொல்லுங்கள். அதில் வெட்கம் எதற்கு?

என் கணவர் நல்லபடியாக வீடு திரும்பினார். அதனால்தான் இவ்வளவு தைரியமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். வேறு விதமாக ஆகியிருந்தாலும், அதற்கு என் கனவு காரணமாக இருந்திருக்காது. தன் கனவால் வீட்டுக்குக் கெடுதல் வந்ததென்று மறுகி மறுகி உருகும் பெண்கள் எத்தனை பேர்! அப்படி ஒருத்தி உங்கள் அண்டை அயலில் இருந்தால், அவளுக்கு ஒரு வாய் காப்பி கொடுத்து, முழுக் கனவையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடும்.