அத்தையின் வீணை

என் இளமையில் எங்கள் இல்லக் கூடத்தில் மரப்பேழை போன்றதொரு வானொலிப் பெட்டி இருந்தது. திருகைத் திருப்பியவுடன் அது பாடிவிடாது. உள்ளே இருந்த வால்வுகள் எனப்படும் கண்ணாடிக் குழாய்கள் சூடேற அரை நிமிடமேனும் ஆகும். அதுவரை தந்தையார் பொறுமையாக நிற்பார், நாங்களும் நிற்போம். பின்னர், 1939ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற திருச்சி நிலையத்தின் இசை மெல்ல எழுந்து கூடமெங்கும் பரவும். வீணையிசையை நான் முதன்முதல் கேட்டது அப்பெட்டியில்தான். பாலில் தேன் கலந்தாற்போன்ற அவ்வொலியே வீணையின் ஒலி என்று என் செவி முடிவு செய்துகொண்டது.

பன்னிரண்டு வயதில் தஞ்சையிலிருந்த அத்தையின் வீட்டிற்குச் சென்றேன். அத்தை வீணை பயின்றவர். பலாமரக் குடமும், மெழுகில் பதித்த 24 மெட்டுகளும் கொண்ட பழைய வீணை அவருடையது. ஒரு மாலை, விளக்கேற்றியபின், எனக்காகவே அதை எடுத்து வாசித்தார். நான் பெரிதும் ஏமாற்றமுற்றேன். ஒலி அவ்வளவு சிறியது! கூடத்தின் மறுகோடியில் இருந்த எனக்கு அது அரைகுறையாகவே கேட்டது. நகம் தந்தியில் படும் ஓசையும், விரல் தந்தியின்மேல் வழுக்கும் கீச்சொலியும் இடையிடையே குறுக்கிட்டன.

“எப்படி இருந்தது, தம்பி?” என்றார் அத்தை.

“வானொலியில் வரும் வீணையைப் போல் இல்லையே, அத்தை!” என்றேன்.

அவர் ஒன்றும் கூறவில்லை. வீணைக்கு உறையிட்டு வைத்துவிட்டு அடுக்களைக்குச் சென்றார். நான் அங்கே தங்கிய மேலும் மூன்று நாட்களிலும் அவர் அதைத் தொடவேயில்லை.

சில ஆண்டுகள் சென்றபின் என் தமையனார் கையடக்கமான டிரான்சிஸ்டர் வானொலி ஒன்றை வாங்கி வந்தார். டிரான்சிஸ்டர் 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவானது. சூடேற வேண்டிய இழை அதில் இல்லை. ஆதலால் திருகியவுடன் பாடியது. ஆனால் வீணையோ தகரத்தைத் தட்டினாற்போல் ஒலித்தது. “இது இசைக்கு வந்த கேடு” என்றார் தந்தையார். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே நம்பியிருந்தேன்.

அந்நம்பிக்கை நேரியதன்று. தந்தையாரின் பெட்டியில் அகன்ற ஒலிபெருக்கியும் மரக்கூடும் இருந்தன. தமையனாரின் பெட்டியிலோ உள்ளங்கையினும் சிறிய ஒலிபெருக்கியும் பிளாஸ்டிக் கூடும். ஒலிபெருக்கியின் குற்றத்தை டிரான்சிஸ்டரின் தலையில் சுமத்திவிட்டேன். மேலும், மத்திய அலை வானொலியில் நொடிக்கு ஏறத்தாழ 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட நுண்ணொலிகள் பெரும்பாலும் நம்மை வந்தடைவதில்லை. நகத்தின் ஓசையும் விரலின் கீச்சொலியும் பெரும்பகுதி அவ்வாறு மறைந்துபோயின. நான் தேன் என்று எண்ணியதில் ஒரு பங்கு, வடிகட்டிய இசையின் மென்மையே.

அண்மையில் இதனைச் சோதித்துப் பார்த்தேன். ஒரே இசைத்தட்டு, ஒரே ஒலிபெருக்கி. வால்வுப் பெருக்கியையும் டிரான்சிஸ்டர்ப் பெருக்கியையும் ஒலியளவைச் சமமாக்கி என் பேத்தி மாற்றி மாற்றி இணைத்தாள். மெல்லிய ஒலியில் எது எதுவென்று பலமுறை தவறாகவே சொன்னேன்; அவள் சிரித்தாள். ஒலியை அளவுக்கு மீறிக் கூட்டியபோதுதான் வேறுபாடு விளங்கிற்று. தன் ஆற்றலின் எல்லையை நெருங்கும்போது வால்வு ஒலியலையின் முகட்டை மெல்ல மழுக்குகிறது. டிரான்சிஸ்டரோ கத்தியால் சீவினாற்போல் வெட்டிவிடுகிறது. அன்றியும், வால்வுப் பெருக்கிகள் பல, மூலவொலியோடு அதன் இருமடங்கு அதிர்வையும் சிறிது சேர்த்துவிடுகின்றன. ஸட்ஜத்தின் இருமடங்கு மேல் ஸட்ஜமே ஆதலின் அது நம் செவிக்குப் பகையாவதில்லை. இனிய பிழைதான், ஆயினும் பிழையே அன்றோ? அப்பிழையையே நான் இன்றும் விரும்புகிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கருவியை அளவுகோலாகக் கொண்டு மனிதரை அளந்தவன் நான் மட்டும் அல்லன். 1915ஆம் ஆண்டு முதல் எடிசனின் நிறுவனத்தார் பாடகரையும் இசைத்தட்டையும் மேடையில் மாறி மாறிப் பாடவைத்து, வேறுபாடு தெரிகிறதா என்று மக்களை வினவினர். அவ்வாறு பாடியவர்களுள் ஒருவரான அன்னா கேஸ் அம்மையார், பொறியின் குரலோடு ஒத்துப்போகத் தம் குரலை மாற்றிக்கொண்டதாகப் பின்னாளில் கூறினார்.

சோதனை முடிந்தபின் பேத்தி வீணையை எடுத்தாள். அது அத்தையின் வீணை. அவர் மறைந்தபின் எங்கள் இல்லம் வந்து, மெழுகும் மெட்டும் புதுப்பிக்கப்பெற்றது. நான் அடுத்த அறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் இசைத்தட்டை ஒலிக்கவிட்டும், தானே மீட்டியும் மாறி மாறிக் கேட்கச் செய்தாள். இம்முறை நான் ஒருகாலும் தவறவில்லை. குடமும் தண்டியும் பலகையும் ஒருங்கே அதிர்ந்து எல்லாத் திசையிலும் ஒலியைப் பரப்ப, அறையே உடன் ஒலித்தது. முன்னோக்கியே பேசும் ஒலிபெருக்கிக்கு அது கைகூடவில்லை. வால்வானாலும் டிரான்சிஸ்டரானாலும் அவ்வளவே.

ஆனால் நகத்தின் ஓசை கதவைத் தாண்டி என் முதிய செவிக்கு எட்டவில்லை. கதவைத் திறந்து வந்து அவளருகே தரையில் அமர்ந்தேன். “இன்னொரு முறை வாசி, அம்மா” என்றேன்.