சுட்டு

சென்ற மழைக்காலத்தில் ஒரு மூதாட்டியின் குரலை அவருடைய குடும்பத்துக்கே கிடைக்காமல் செய்துவிட்டேன்.

ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியிலுள்ள தோபி கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. மட்டாஞ்சேரியில் அறை எடுத்துத் தங்கி அவர்களின் பேச்சைப் பதிவு செய்துவருகிறேன். பாட்டி ஒருவர் கஞ்சி போடுவது முதல் மடிப்பது வரையிலான தொழிற்சொற்களை இரண்டு மணி நேரம் சொன்னார். ஆடியில் காலமானார். பதினாறாம் நாளில் குரலைக் கேட்க வேண்டும் என்றார்கள் வீட்டார். நானே எழுதக் கற்றுக்கொண்ட இணையப் பக்கம் ஒன்றைப் பேரனுக்கு அனுப்பினேன்.

"அக்கா, ஞெக்கினா ஒண்ணும் வரல."

(மலையாள வினையடியில் தமிழ் விகுதி. அந்த நேரத்திலும் குறித்துக்கொண்டேன், ஆய்வாளர் புத்தி.)

என் கணினியில் அது தெளிவாக ஒலித்தது. இணைப்பின் அமைப்பு எளியது: ‘ஏ’ என்னும் குறி, அதற்குள் ‘ஹெச்ரெஃப்’ என்ற பண்பு, அதன் மதிப்பாகச் சேருமிடம், குறிகளுக்கு நடுவே வாசகர் காணும் சொற்கள். நான் சேருமிடமாகக் கொடுத்திருந்தது என் கணினியின் சி டிரைவிலுள்ள ஒரு கோப்புறை. பேரனின் கைபேசியில் அப்படி ஓர் இடமே இல்லை.

இலக்கணம் படித்தவளுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். தொல்காப்பியர் அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டு என்கிறார். ‘இது’ என்பதன் பொருள், சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. நான் முழு முகவரி என்று நம்பி எழுதியது, என் மேசைக்கு மட்டும் பொருள் தரும் ஓர் ‘இது’. ஒலிக்கோப்பையும் பக்கத்தையும் சேவையகத்தில் ஒரே கோப்புறையில் ஏற்றி, கோப்பின் பெயரை மட்டும் சேருமிடமாக எழுதினேன். அதுவும் சுட்டுதான், ஆனால் பக்கம் இருக்கும் இடத்திலிருந்து சுட்டுவது.

பிறகும் ஒன்று தகராறு செய்தது. பக்கத்தின் மேலிருந்த ‘கொச்சி’ என்ற இணைப்பு, கீழேயுள்ள ‘கொச்சி’ என்ற தலைப்புக்குத் தாவவில்லை. திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறியிலோ ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். முதல் வகையில் ‘கொச்சி’ 6 குறியெண்கள், இரண்டாம் வகையில் 7. இரண்டும் சமம் என்கிறது ஒருங்குறித் தரம். ஆனால் உலாவி அடையாளப் பெயர்களைக் குறியெண் குறியெண்ணாக ஒப்பிடுகிறது. பழைய கோப்பிலிருந்து ஒட்டிய தலைப்பில் 7 இருந்தன. தலைப்பின் அடையாளப் பெயரை அப்படியே நகலெடுத்து இணைப்பில் ஒட்டியதும் சரியாயிற்று. மாணவர்களுக்கு இப்போது இதைத்தான் முதலில் சொல்கிறேன்: தமிழில் அடையாளப் பெயர் வைத்தால் இன்னொரு முறை தட்டச்சாதீர்கள், நகலெடுங்கள்.

‘இங்கே சொடுக்குக’ என்றிருந்ததையும் ‘பாட்டி கஞ்சி காய்ச்சும் முறை’ என்று மாற்றி, வேறொருவர் கைபேசியில் சோதித்து, மறுபடியும் அனுப்பினேன்.

பதினாறு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.