மணிமுத்தாற்றங்கரை கலர் பாட்டில்கள்

மாசி மகத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே பெரியப்பா கடையில் சோடா மெஷின் ஓயாது. மணிமுத்தாற்று மணலில் கூட்டம் இறங்கிவிட்டால் அப்புறம் நிரப்ப நேரம் ஏது? பாட்டில்களைப் பெட்டிக்குள் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றுவார். பாட்டில் தலைகீழாகும்போது கோலி கழுத்துக்கு உருண்டு வரும். கேஸ் அதை ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். மூடியே வேண்டாத இந்தப் பாட்டிலுக்கு ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1872-ல் காப்புரிமை வாங்கினார் என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது.

எங்கள் கடை கோலி சோடாவில் லேபிள் கிடையாது. கலருக்குத்தான் உண்டு. ஆரஞ்சுச் சுளை, பன்னீர் ரோஜா, இஞ்சிக் கிழங்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். பாட்டில் நூறு தடவை போய்த் திரும்பி வரும். காகிதத்துக்கு ஒரே பயணம்தான். திரும்பி வந்ததும் தொட்டியில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துவிடுவார்கள். அந்த நார் படுவதற்குள் நான் போய் நிற்க வேண்டும்.

"வெந்நி ஊத்தாதடா, சாயம் போயிடும். பச்சத் தண்ணியிலயே கெடக்கட்டும்" என்பார் பெரியப்பா.

ராத்திரி முழுக்க ஊறினால் மைதாப் பசை கஞ்சியாக இளகிவிடும். மூலையில் நகத்தை வைத்து இழுத்தால் கிழியும். கட்டைவிரலை நனைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் தானாக வழுக்கிக்கொண்டு வரும். காயவைக்கத்தான் எங்கள் ஊர் கைகொடுத்தது. பீங்கான் தொழிற்பேட்டைச் சூளைகளுக்குப் பக்கத்தில் கழித்துப் போட்ட சாமான்கள் குவிந்து கிடக்கும்: விரிசல் விட்ட ஃபியூஸ் கேரியர், காதில்லாத கப். அங்கே பொறுக்கிய மூலை உடைந்த வெள்ளை ஓடு ஒன்றில் லேபிளைக் குப்புறப் போட்டு, மேலே பழைய வேட்டித் துணியும் செங்கல்லும் வைப்பேன். மரப்பலகை என்றால் ஒட்டிக்கொண்டு உரியும். பீங்கான் விட்டுக்கொடுத்துவிடும்.

ஒரு ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, லேபிள்களைச் சேர்த்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்த நோட்டு முழுக்க நனைந்துவிட்டது. கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டலாமா என்று அழுதேன். "மழை மேல எப்படிடா கண்ணு பிராது கட்டுறது?" என்று சொல்லிவிட்டு, விளக்கெரிய உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கொடுத்தாள் அம்மா. பதினொன்று தேறின.

1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் குளிர்பான நிறுவனம் இன்றும் நிற்கிறது. ஊருக்கு ஊர் இருந்த சின்னக் கலர்க் கடைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெரியப்பாவின் மெஷின் இரும்புக் கடைக்குப் போனது. பாட்டில்கள் எடைக்குப் போயின. காகிதத்தை யாரும் விலை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். ஓர் ஊர் எதைக் குடித்தது, அதற்கு என்ன நிறம் தீட்டியது என்பதற்கு அவைதான் அத்தாட்சி.

பதினொன்றும் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இடது ஓரத்தில், ஒரே இடத்தில், கடுகளவு குழி. அந்த வெள்ளை ஓட்டின் மெருகில் சூளைச் சூட்டில் எழும்பி நின்ற ஒரு கொப்புளம், செங்கல் கனத்தில் காகிதத்தில் பதிந்தது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. விரலை வைத்தால் தட்டுப்படும்.